வெறும் சாப்பாட்டுக்கு ஒரு கரண்டித் துணை

வேகவைத்த உருளைக்கிழங்கு இரண்டு, ஒரு முட்டை, மீந்துபோன கொஞ்சம் சோறு. வேலை முடிந்து வந்து பார்த்தால் சமையலறையில் இவ்வளவுதான் இருக்கிறது. இதற்கு மேல் அடுப்பு முன்னால் நிற்கத் தெம்பும் இல்லை. இந்த மாதிரி நாள்களுக்காகத்தான் நான் சாஸ் செய்யப் பழகினேன். விடுமுறை நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்கி இரண்டு சின்னப் பாட்டில்கள் செய்து வைத்தால், அடுத்த நாலைந்து நாள் சாப்பாட்டை அவை பார்த்துக்கொள்ளும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் செய்முறைகளைச் சேகரிப்பதில் ஆரம்பிக்கிறார்கள். நாற்பது செய்முறை சேர்ந்துவிடும், ஒன்றுகூட அடுப்பேறாது. அதற்கு முன்னால் நாக்குக்கு ஒரு சின்னப் பயிற்சி கொடுங்கள். உப்பில்லாமல் இரண்டு உருளைக்கிழங்கை வேகவைத்து மசித்து, ஐந்து பங்காகப் பிரியுங்கள். முதல் பங்கில் எதுவும் சேர்க்க வேண்டாம். இரண்டாவதில் உப்பு மட்டும். மூன்றாவதில் உப்பும் சில சொட்டு எலுமிச்சைச் சாறும். நான்காவதில் உப்பும் எண்ணெயும். ஐந்தாவதில் இவை எல்லாமும், கூடவே ஒரு சிட்டிகை மிளகாய்த்தூளும். வரிசையாகச் சாப்பிட்டுப் பாருங்கள். மூன்றாவது பங்குக்கு வரும்போது பலர் புருவத்தை உயர்த்துவார்கள். ‘உப்பு பத்தவில்லை’ என்று நாம் சொல்லும் பாதி இடங்களில் உண்மையில் பத்தாமல் இருப்பது புளிப்பு.

கீழே வரும் ஒவ்வொன்றும் புளிப்பு, கொழுப்பு, காரம், கடிக்க ஒரு மொறுமொறுப்பு இவற்றில் ஒன்றையோ இரண்டையோ தருவதற்காக இருக்கிறது. தட்டில் எது குறைகிறது என்று தெரிந்தால் எந்தப் பாட்டிலைத் திறப்பது என்பது தானாகத் தெரியும்.

பாத்திரங்கள் பெரிதாக வேண்டாம். மூடியுள்ள கண்ணாடிப் பாட்டில்கள் நாலு, மிக்சி அல்லது கை பிளெண்டர், அளவுக் கரண்டிகள், முடிந்தால் ஒரு சமையலறைத் தராசு. கரண்டி என்று சொல்லும்போது தேக்கரண்டி 5 மி.லி., மேசைக்கரண்டி 15 மி.லி. என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குலுக்கினால் போதும்

முதலில் செய்ய வேண்டியது எண்ணெயும் வினிகரும் சேர்ந்த குலுக்கல் சாஸ். ஆங்காங்கே ‘வினைகிரெட்’ என்று பெயர் பார்த்திருப்பீர்கள். வழக்கமான பிரெஞ்சு அளவு எண்ணெய் மூன்று பங்கு, புளிப்பு ஒரு பங்கு. எனக்கு அது கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்காகத் தெரியும். இரண்டுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்கிறேன். நீங்கள் மூன்றில் தொடங்கிக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

பாட்டிலில் 2 மேசைக்கரண்டி வினிகரை ஊற்றி, அரைத் தேக்கரண்டி உப்பைப் போட்டு முதலில் கரைத்துவிடுங்கள். எண்ணெயில் உப்பு கரையாது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக் குலுக்கினால் உப்பு அடியில் மணல் மாதிரி தங்கிவிடும். அப்புறம் 1 தேக்கரண்டி கடுகு விழுது, அரைத் தேக்கரண்டி தேன், கடைசியாக 4 முதல் 6 மேசைக்கரண்டி எண்ணெய். மூடியை இறுக்கிப் பதினைந்து விநாடி வேகமாகக் குலுக்குங்கள். அவ்வளவுதான்.

எண்ணெயும் வினிகரும் பிரிந்துபோகாமல் சிறிது நேரமாவது பிடித்துவைப்பது அந்தக் கடுகு விழுதுதான். பிரிந்தாலும் கவலையில்லை, மறுபடி குலுக்கிக்கொள்ளலாம். பச்சைக் காய்களுக்கு மட்டும் இது என்று நினைத்துவிடாதீர்கள். சூடாக இருக்கும் உருளைக்கிழங்கு, வேகவைத்த பயறு, பீன்ஸ் மேல் ஊற்றினால் அவை அப்படியே இழுத்துக்கொள்ளும். ஆறிய பிறகு ஊற்றினால் மேலேயே நின்றுவிடும். ஃபிரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும். எலுமிச்சைச் சாற்றில் செய்தால் இரண்டு நாளுக்குள் அந்தப் புது மணம் போய்விடும், ஆகவே குறைவாகச் செய்யுங்கள்.

கடுகு விழுது: தண்ணீர் எப்படி இருக்கிறது?

கடையில் வாங்கலாம்தான். ஆனால் வீட்டில் செய்ய ஐந்து நிமிடம் போதும், அதோடு சமையலறையில் இவ்வளவு வேடிக்கையான பொருள் வேறு இல்லை. முழுக் கடுகை வாயில் போட்டால் காரம் கிடையாது. கடுகை உடைத்து ஈரம் படும்போதுதான் அதனுள்ளே தனித்தனியாக இருக்கும் ஒரு நொதியும் இன்னொரு பொருளும் சந்தித்து, மூக்கில் ஏறும் அந்தக் காரம் உண்டாகிறது. நொதிக்குச் சூடும் ஆகாது, புளிப்பும் ஆகாது. வெந்நீர் விட்டுக் குழைத்தால் காரமே எழாது. வினிகரை முதலிலேயே ஊற்றினாலும் காரம் மட்டுப்பட்டுவிடும்.

ஆக, 3 மேசைக்கரண்டி கடுகைப் பொடித்து, 3 மேசைக்கரண்டி குளிர்ந்த தண்ணீர் விட்டுக் குழைத்துப் பத்து நிமிடம் சும்மா வையுங்கள். காரம் உச்சத்துக்கு வரும். இப்போது 1 மேசைக்கரண்டி வினிகரும் அரைத் தேக்கரண்டி உப்பும் 1 தேக்கரண்டி சர்க்கரையும் சேருங்கள். வினிகர் அந்தக் காரத்தை அங்கேயே நிறுத்திப் பிடித்து வைக்கும். சாதுவான விழுது வேண்டுமென்றால் இளஞ்சூடான தண்ணீர், கண்ணில் நீர் வர வேண்டுமென்றால் ஐஸ் தண்ணீர். மஞ்சள் கடுகு மென்மை, கறுப்புக் கடுகு முரடு. பாதிப் பாதி நல்ல கலவை.

செய்த உடனே சுவைத்துப் பார்த்தால் கசக்கும். கெட்டுப்போய்விட்டது என்று கொட்டிவிடாதீர்கள். ஒன்றிரண்டு நாளில் கசப்பு அடங்கிவிடும்.

மயோனைஸ், அதாவது பயப்பட வேண்டாத ஒன்று

நான் முதன்முதலில் செய்த மயோனைஸ் எண்ணெய்க் குட்டையில் முட்டை மிதப்பது போல இருந்தது. இரண்டாவதும் அப்படியே. எண்ணெயை அவசரமாக ஊற்றியதுதான் காரணம் என்று மூன்றாவது தடவைதான் பிடிபட்டது. இன்றைக்குக் கை பிளெண்டர் இருப்பவர்களுக்கு இந்தத் துன்பம் இல்லை.

பிளெண்டரின் தலை சரியாக நுழையும் அளவுக்குக் குறுகிய, உயரமான ஜாடி ஒன்று வேண்டும். இந்த ஒன்றில் சமரசம் செய்யாதீர்கள். அகலமான பாத்திரத்தில் இந்த முறை வேலை செய்யாது. ஜாடியில் குளிர்ச்சி விட்ட ஒரு முழு முட்டையை உடைத்து ஊற்றுங்கள். 1 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, 1 தேக்கரண்டி கடுகு விழுது, அரைத் தேக்கரண்டி உப்பு, அதன் மேல் மணமில்லாத எண்ணெய் 200 மி.லி. ஒரு நிமிடம் பொறுத்தால் முட்டை அடியில் தங்கி எண்ணெய் மேலே நிற்கும். பிளெண்டரை மஞ்சள் கருவின் மேல் அடிவரை அழுத்தி வைத்து ஓடவிடுங்கள். பத்துப் பதினைந்து விநாடிக்கு அசைக்கவே கூடாது. அடியிலிருந்து வெள்ளையாகக் கிளம்பும். அது பாதி ஜாடிக்கு வந்தபின், கையை மெல்ல மேலே தூக்குங்கள். முப்பது விநாடியில் முடிந்துவிடும்.

நடப்பது இதுதான்: எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத துளிகளாக உடைகிறது. மஞ்சள் கருவிலுள்ள லெசித்தினும் புரதமும் ஒவ்வொரு துளியையும் போர்த்தி, துளிகள் ஒன்றோடொன்று சேராமல் பார்த்துக்கொள்கின்றன. இதிலிருந்து புதியவர்கள் நம்பத் தயங்கும் ஒரு விஷயம் வரும். மயோனைஸ் நீர்த்திருந்தால் இன்னும் எண்ணெய் சேர்க்க வேண்டும், கெட்டியாக இருந்தால் தண்ணீர். துளிகள் நெருக்கமாக அடைய அடையத்தான் அது கெட்டிப்படுகிறது.

பிரிந்துபோனால்? வேறொரு பாத்திரத்தில் ஒரு மஞ்சள் கருவை வைத்து, பிரிந்த கலவையை முதலில் சொட்டுச் சொட்டாகவும் பிறகு நூலாகவும் விட்டு அடித்துக்கொண்டே வாருங்கள். மறுபடி சேர்ந்துவிடும். முட்டை இல்லையென்றால் ஒரு தேக்கரண்டி கடுகு விழுதோடு ஒரு தேக்கரண்டி தண்ணீரை வைத்து முயலலாம். பெரும்பாலும் பலிக்கும்.

நல்ல ஆலிவ் எண்ணெயை இதில் வீணாக்க வேண்டாம். பிளெண்டரின் வேகத்தில் அதிலுள்ள கசப்புப் பொருள்கள் வெளிப்பட்டு, முழுதும் கசந்துவிடக்கூடும். மணத்துக்கு ஆசையாக இருந்தால் கடைசியில் இரண்டு கரண்டியைக் கையால் கலந்துகொள்ளுங்கள்.

பச்சை முட்டையில் சால்மொனெல்லா என்ற கிருமி இருக்க வாய்ப்புண்டு. சிறு குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள், உடல்நலம் குன்றியவர்கள் சாப்பிடும் வீட்டில் பாஸ்டர் முறையில் சூடாக்கப்பட்ட முட்டை கிடைத்தால் அதைப் பயன்படுத்துங்கள். அல்லது முட்டையில்லாமலே செய்யலாம்: அதே ஜாடியில் குளிர்ந்த பால் 100 மி.லி., எண்ணெய் 200 மி.லி., உப்பு. அடித்துக் கலந்தபின் 1 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டு இன்னொரு சுற்று. பாலிலுள்ள புரதம் முட்டையின் வேலையைச் செய்துவிடும், சாறு விழுந்ததும் கெட்டிப்படும். சுவையில் கொஞ்சம் வித்தியாசம் உண்டு. ஆனால் எனக்கு இதுதான் அதிகம் பிடித்திருக்கிறது. இரண்டையும் ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நான்கு நாளில் முடித்துவிடுங்கள்.

தயிர்

இதற்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அரைக் கிலோ தயிரைச் சுத்தமான துணியில் கட்டி ஃபிரிட்ஜுக்குள்ளேயே ஓர் இரவு வடியவிட்டால் ஏறக்குறைய பாதி எடைக்கு நீர் இறங்கி, ரொட்டியில் தடவும் பதத்துக்கு வந்துவிடும். உப்பும் துளி பூண்டும் நறுக்கிய புதினாவும் சேருங்கள். வெள்ளரிக்காய் சேர்ப்பதானால் துருவி, உப்புப் போட்டுப் பத்து நிமிடம் வைத்து, பிழிந்துவிட்டுச் சேருங்கள். பிழியாவிட்டால் அடுத்த வேளைக்குள் எல்லாம் தண்ணீராகிவிடும். காரமான உணவுக்குப் பக்கத்தில் வைக்க இதைவிட நல்லது கிடையாது. மிளகாயின் காரப்பொருள் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, கொழுப்பில் கரையும். வாய் எரியும்போது தண்ணீர் குடித்து ஏமாறாமல் ஒரு கரண்டி தயிரைத் தேடுவது அதனால்தான்.

அரைத்துக்கொண்டே இருந்தால் வெண்ணெய்

நிலக்கடலை வெண்ணெய்க்குச் செய்முறை என்று சொல்ல ஒரே சொல்தான்: பொறுமை. 300 கிராம் கடலையை மிதமான தீயில் பொன்னிறமாக வறுத்து (ஓவனில் என்றால் 175 டிகிரி செல்சியஸில் பத்துப் பன்னிரண்டு நிமிடம்), தோலைத் தேய்த்து ஊதிவிட்டு, இளஞ்சூடு இருக்கும்போதே மிக்சியில் போடுங்கள். முதலில் பொடியாகும். பிறகு ஓரத்தில் ஒட்டும். அப்புறம் ஓர் உருண்டையாகத் திரண்டு நிற்கும். இந்த இடத்தில்தான் பலர், எண்ணெய் போதவில்லை என்று நினைத்து ஏதாவது ஊற்றிவிடுகிறார்கள். ஊற்ற வேண்டாம். மிக்சி சூடாகாமல் நிமிடத்துக்கு ஒரு தடவை நிறுத்தி, ஓரங்களை வழித்துவிட்டு, மறுபடி ஓடவிடுங்கள். ஐந்தாறு சுற்றில் உருண்டை தானாகத் தளர்ந்து பளபளவென்று வழியும். கடலையின் சொந்த எண்ணெயே போதும். கடைசியில் அரைத் தேக்கரண்டி உப்பு.

தண்ணீர் ஒரு சொட்டு விழுந்தாலும் இது களிமண் மாதிரி இறுகிவிடும். ஆனால் அதே தண்ணீரை நிறைய விட்டால் அருமையான சாஸாக இளகும். 3 மேசைக்கரண்டி கடலை வெண்ணெயில் 1 மேசைக்கரண்டி சோயா சாஸ், 1 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, 1 தேக்கரண்டி சர்க்கரை, மிளகாய்த்தூள் போட்டுக் கலக்குங்கள். பயங்கரமாகக் கெட்டிப்படும். கலக்கத்தை விடாமல் வெந்நீரைக் கரண்டி கரண்டியாக விடுங்கள். மூன்றாவது நான்காவது கரண்டியில் பட்டு மாதிரி ஆகிவிடும். வெறும் நூடுல்ஸும் வெள்ளரிக்காயும் இருந்தால் அன்றைக்குச் சாப்பாடு முடிந்தது.

எள்ளிலும் இப்படியே. லேசாக வறுத்த வெள்ளை எள் 100 கிராமுக்கு 2 அல்லது 3 மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு அரைத்தால் தஹினி. அதிகம் வறுத்துவிட்டால் கசக்கும், நிறம் மாறத் தொடங்கும்போதே இறக்கிவிடுங்கள்.

தஹினி கையில் இருந்தால், கொண்டைக்கடலையை அதோடு அரைத்துச் செய்யும் ஹம்மஸ் பக்கத்தில்தான். அரபியில் அந்தச் சொல்லுக்குக் கொண்டைக்கடலை என்றுதான் பொருள். 200 கிராம் வெள்ளைக் கொண்டைக்கடலையை இரவு ஊறவைத்து, மறுநாள் புதுத் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி சமையல் சோடா போட்டு வேகவையுங்கள். சோடா தோலைத் தளர்த்தி, கடலையைக் குழைய வைக்கும். எவ்வளவு வேக வேண்டும்? இரண்டு விரலுக்கிடையில் வைத்து அழுத்தினால் கொஞ்சமும் எதிர்க்காமல் நசுங்க வேண்டும். ‘வெந்துவிட்டது’ என்று தோன்றிய பிறகும் பத்து நிமிடம் கூடுதலாக விடுங்கள். ஹம்மஸ் நறநறவென்று வருவதற்கு முக்கால்வாசிக் காரணம் இந்தப் பத்து நிமிடம்தான்.

இடைப்பட்ட நேரத்தில் இரண்டு பல் பூண்டை 3 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றோடு சேர்த்து அரைத்துப் பத்து நிமிடம் வையுங்கள். பூண்டின் பச்சை நெடியும் கடுகு போலவே நொதியால் உண்டாவது. சாற்றோடு சேர்த்து அரைத்தால் நெடி ஏறாமல் மணம் மட்டும் நிற்கும். பிறகு 5 மேசைக்கரண்டி தஹினியும் உப்பும் சேர்த்து அடித்து, ஐஸ் தண்ணீர் 3 மேசைக்கரண்டி விட்டு வெளுக்கும்வரை ஓடவிட்டு, அதில் வடித்த கடலையைப் போட்டு மூன்று நான்கு நிமிடம் அரையுங்கள். நாலு நாள் இருக்கும்.

பச்சை இலைச் சாஸ்

கொத்தமல்லி, புதினா, பார்ஸ்லி, பேசில் என்று எது வாடத் தொடங்கியிருக்கிறதோ அது. இரண்டு கைப்பிடி இலை, வறுத்த பருப்போ விதையோ 2 மேசைக்கரண்டி, அரைப்பல் பூண்டு, உப்பு, 5 மேசைக்கரண்டி எண்ணெய். அரைத்தால் சாஸ். சிரமம் சுவையில் இல்லை, நிறத்தில். அரைத்த அரை மணியில் பழுப்படிக்கும். இலையைக் கொதிநீரில் பத்து விநாடி முக்கி, உடனே ஐஸ் தண்ணீரில் போட்டுப் பிழிந்து அரைத்தால் பச்சை நிற்கும், ஏனென்றால் இலையைப் பழுப்பாக்கும் நொதி கொதிநீரில் செயலிழந்துவிடுகிறது. மணம் ஒரு படி குறையும் என்பது உண்மைதான். அன்றே சாப்பிடப் போகிறோம் என்றால் நான் முக்குவதில்லை. எலுமிச்சைச் சாறும் பச்சையை மங்கவைக்கும், பரிமாறும்போது பிழிந்தால் போதும். நிறையச் செய்துவிட்டால் ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, வேண்டும்போது ஒரு கட்டியை எடுத்துச் சூடான சோற்றிலோ சூப்பிலோ போட்டுக்கொள்ளலாம்.

மிளகாய் எண்ணெய்

ஒரே ஒரு பாட்டில்தான் செய்வேன் என்று அடம்பிடிப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். முட்டை, நூடுல்ஸ், சூப், வேகவைத்த எந்தக் காய் என்றாலும் ஒத்துப்போகும்.

வெப்பம் தாங்கும், ஈரமில்லாத பாத்திரத்தில் 4 மேசைக்கரண்டி கொரகொரப்பான மிளகாய்த்தூள், 1 மேசைக்கரண்டி எள், 1 தேக்கரண்டி உப்பு, அரைத் தேக்கரண்டி சர்க்கரை போட்டு வையுங்கள். 200 மி.லி. எண்ணெயைச் சூடாக்குங்கள். வெப்பமானி இருந்தால் 130 டிகிரி செல்சியஸ் அருகில். இல்லையென்றால் ஒரு மிளகாய்த் துண்டைப் போட்டுப் பாருங்கள்: மெல்லக் குமிழி விட்டுச் சிவந்தால் சரி, உடனே கறுத்தால் அடுப்பை அணைத்து ஆறவிடுங்கள். எண்ணெயை மூன்று தவணையாக ஊற்றி, ஒவ்வொரு தடவையும் கிளறுங்கள். முதல் தவணைக்கு மணம் கிளம்பும், இரண்டாவதற்கு நிறம் இறங்கும். எண்ணெய் புகையும்போது ஊற்றினால் என்ன ஆகும் என்று நான் செய்தே பார்த்திருக்கிறேன். வீடு முழுக்க இருமியது. கரி போன்ற அந்த எண்ணெயையும் வீணாக்க மனமில்லாமல் ஒரு வாரம் தின்றேன். நீங்கள் கொட்டிவிடுங்கள்.

ஓர் இரவு மூடி வைத்தால் மறுநாள்தான் முழுச் சுவையும் வரும். கரண்டியை அடிவரை விட்டு வண்டலோடு எடுங்கள், ருசியெல்லாம் அங்கேதான்.

இதிலேயே பச்சைப் பூண்டை நறுக்கிப் போட்டு மேசை மேல் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். இந்தக் கட்டுரையில் நான் கண்டிப்பாகச் சொல்வது இது ஒன்றுதான். மண்ணில் விளையும் பூண்டில் போட்டுலிசம் என்ற நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் இருக்கலாம். காற்றில்லாத, புளிப்பில்லாத, ஈரமுள்ள இடம் கிடைத்தால் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். எண்ணெய்க்குள் மூழ்கிய பூண்டு அப்படிப்பட்ட இடம்தான். சாதாரணக் கொதியில் வித்துகள் சாவதில்லை. நஞ்சு உண்டானாலும் வாடையோ நிறமோ காட்டிக்கொடுக்காமல் போகலாம். 1985இல் கனடாவின் வான்கூவரில் ஓர் உணவகத்தில் சாப்பிட்ட 36 பேருக்கு இந்த நோய் வந்தது. ஃபிரிட்ஜில் வைக்காத, எண்ணெயில் ஊறிய நறுக்கிய பூண்டுதான் காரணம் என்று கண்டறிந்தார்கள்.

ஆகவே பூண்டெண்ணெய் செய்தால் அன்றைக்குத் தேவையானது மட்டும். மீந்தால் உடனே ஃபிரிட்ஜில் வைத்து நாலு நாளுக்குள் முடியுங்கள், அல்லது உறையவையுங்கள். பச்சை இலை எண்ணெய்க்கும் இதுதான் விதி. புளிப்பு போதுமான அளவு இருந்தால், அதாவது புளிப்பு கூடக் கூடக் குறையும் பி.எச். என்ற அளவு 4.6க்குக் கீழே இருந்தால், இந்தக் கிருமி வளராது. வினிகரில் ஊறுபவை ஓரளவு நிம்மதி தருவது அதனால்தான்.

வினிகர் வெங்காயம்

கத்தி பிடிக்கத் தெரிந்தால் போதும். இரண்டு சிவப்பு வெங்காயத்தை மெல்லிய வளையங்களாக நறுக்கிப் பாட்டிலில் அடையுங்கள். வினிகர் 120 மி.லி., தண்ணீர் 120 மி.லி., உப்பு 1 தேக்கரண்டி, சர்க்கரை 1 மேசைக்கரண்டி. கரையும்வரை சூடாக்கி மேலே ஊற்றுங்கள். அரை மணியில் வெங்காயத்தின் ஊதா நிறம் புளிப்பு பட்டுப் பளிச்சென்ற ரோஜா நிறமாகிவிடும். ஃபிரிட்ஜில் இரண்டு வாரம். புளிப்பும் மொறுமொறுப்பும் ஒரே கரண்டியில் கிடைப்பது இதில்தான். கேரட், முள்ளங்கி, பச்சை மிளகாய்க்கும் இதே கலவை. பாட்டில் காலியானதும் அந்த ரோஜா நிற வினிகரை ஊற்றிவிடாமல் குலுக்கல் சாஸுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

கை பழகிய பிறகு

மேலே சொன்னவற்றில் நாலைந்து செய்து பார்த்துவிட்டீர்கள் என்றால் புளிக்கவைத்த மிளகாய் சாஸுக்குப் போகலாம். இதில் கண்ணளவு உதவாது, தராசு வேண்டும். காம்பு நீக்கிய சிவப்பு மிளகாய் 500 கிராமுக்கு உப்பு 15 கிராம், அதாவது எடையில் 3 சதவீதம். கையுறை போட்டுக்கொண்டு நறுக்கி, உப்போடு கொரகொரப்பாக அரைத்துப் பாட்டிலில் முக்கால் அளவுக்கு நிரப்புங்கள். மிளகாய் தன் நீருக்குள்ளேயே அமுங்கி இருக்க வேண்டும். நீர் போதவில்லையென்றால் அரை லிட்டர் தண்ணீருக்கு 15 கிராம் உப்புக் கரைத்து அதில் கொஞ்சம் ஊற்றிக்கொள்ளலாம். மூடியை லேசாக வைத்து, வெயில் படாத இடத்தில் ஒரு வாரம் பத்து நாள்.

உப்பு மற்ற கிருமிகளை அடக்கிவைக்க, லாக்டிக் அமிலம் தரும் நுண்ணுயிர்கள் வளர்ந்து புளிப்பேற்றும். இரண்டாம் மூன்றாம் நாளில் குமிழிகள் வரும். தினமும் ஒரு தடவை மூடியைத் திறந்து வாயுவை விட்டு, சுத்தமான கரண்டியால் அமுக்கிவிடுங்கள். புளித்த, பழ வாசனை வந்தால் நல்லது. பஞ்சு மாதிரி, பச்சையாகவோ கறுப்பாகவோ பூஞ்சை வந்தால் முழுதையும் கொட்டிவிடுங்கள், மேலாக வழித்து எடுத்துத் தப்பிக்கப் பார்க்க வேண்டாம். முடிந்ததும் 4 மேசைக்கரண்டி வினிகரோடு நைசாக அரைத்து வடிகட்டி ஃபிரிட்ஜில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். அமெரிக்காவின் லூசியானாவில் 1868 முதல் செய்யப்பட்டுவரும் டபாஸ்கோவும் இந்தக் குடும்பம்தான். அதன் மிளகாய் விழுதை ஓக் பீப்பாய்களில் மூன்று ஆண்டுவரை ஊறவைக்கிறார்கள். நமக்குப் பத்து நாள் போதும்.

தக்காளியை மட்டும் விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அரைக் கிலோ தக்காளியை 3 மேசைக்கரண்டி எண்ணெயில், சிறு தீயில், மூன்றில் ஒரு பங்காகச் சுண்டும்வரை முக்கால் மணி நேரம் விட்டால் ரொட்டிக்குத் தடவ அருமையான விழுது கிடைக்கும். 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இக்கெடா கடற்பாசியில் கண்டுபிடித்து ‘உமாமி’ என்று பெயரிட்ட சுவைக்குக் காரணமான குளுட்டமேட் தக்காளியிலும் தாராளமாக உண்டு. சுண்டச் சுண்ட அது அடர்த்தியாகிறது. இறைச்சியில்லாத சாப்பாட்டில் ‘என்னவோ குறைகிறது’ என்று தோன்றினால் பெரும்பாலும் இதுதான் விடை.

பாட்டிலும் கரண்டியும்

வீட்டில் செய்ததில் கெடாமல் காக்கும் மருந்து எதுவும் போடவில்லை என்பதை மறக்கக் கூடாது. பெரிய பாட்டில் ஒன்றைவிடச் சின்னப் பாட்டில் இரண்டு நல்லது. பாட்டில்களைக் கொதிநீரில் பத்து நிமிடம் போட்டு எடுத்து, தானாக உலரவிட்டு நிரப்புங்கள். ஃபிரிட்ஜ் 4 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கட்டும். முட்டை, பால், கடலை விழுது உள்ளவற்றை மேசையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள். ஈரக் கரண்டியும் எச்சில் கரண்டியும் உள்ளே போகக் கூடாது. வீட்டில் இருப்பவர்களிடம் இதைச் சொல்லிப் பயனில்லை என்று எனக்குத் தெரியும். பரிமாறும் அளவைச் சின்னக் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிட்டுப் பாட்டிலை உடனே உள்ளே வைத்துவிடுவதுதான் வழி.

முதல் வாரத்துக்கு வினிகர் வெங்காயமும் குலுக்கல் சாஸும் போதும். இரண்டும் சேர்ந்து இருபது நிமிட வேலை. இரண்டாவது வாரம் மிளகாய் எண்ணெய். மூன்றாவது வாரம் மயோனைஸை ஒரு கை பாருங்கள். ஒவ்வொரு மூடியிலும் ஒரு துண்டு டேப் ஒட்டிச் செய்த தேதியை எழுதிவிடுங்கள். பேனாவையும் ஃபிரிட்ஜ் பக்கத்திலேயே கட்டித் தொங்கவிடுங்கள், இல்லாவிட்டால் எழுத மாட்டீர்கள்.